அப்டேட் எங்கே நிற்கிறது? வெளிநாட்டு நிறுவன முத்திரையோடு வந்த போன்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரியில் பிரான்சோடு உறவில்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்களின் சொல்தா குடும்பங்களிலும், படிப்புக்கோ வேலைக்கோ பாரிஸ் போனவர்களின் வீடுகளிலும், விடுமுறைக்கு வருகிறவர்கள் பெட்டியைத் திறந்தால் சாக்லேட்டுக்கும் சென்ட்டுக்கும் நடுவே ஒரு ஸ்மார்ட்போனாவது இருக்கும். கடலூர்ப் பக்கம் அதே பெட்டி சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வருகிறது. போன் நல்ல போன்தான். ஆனால் அதே மாடலை நேரு வீதியில் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்போதோ வந்துவிட்ட ஆண்ட்ராய்டு அப்டேட் இதற்கு மட்டும் வராது. எத்தனை முறை தட்டிப் பார்த்தாலும், மென்பொருள் புதிதாகவே இருக்கிறது என்று திரை சாதிக்கும். உடனே பழி ஜியோ மீதோ ஏர்டெல் மீதோ விழுகிறது. சில நேரங்களில் அது நியாயமே. பெரும்பாலான நேரங்களில் அவர்களுக்கும் இந்தத் தாமதத்துக்கும் தொடர்பே இல்லை. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, அப்டேட் யாரிடம் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது. அதன் பிறகுதான் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்ற பேச்சு.

அப்டேட் வரும் பாதை

கூகுள் ஒரு புதிய ஆண்ட்ராய்டு பதிப்பை வெளியிட்டதும் அது நேரே நம் கைக்கு வந்துவிடுவதில்லை. குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் நிறுவனங்கள் தங்கள் சிப்புக்கு ஏற்ற பகுதிகளைத் தர வேண்டும். போன் தயாரிப்பாளர் அதில் தன் சொந்த முகப்பையும் கேமராவையும் இணைக்க வேண்டும். பிறகு சோதித்து, முதலில் சிறு தொகுதிப் போன்களுக்கும் கோளாறு எதுவும் தெரியாவிட்டால் மற்றவற்றுக்கும் படிப்படியாக அனுப்ப வேண்டும். எந்த மொபைல் நிறுவனத்தையும் சாராமல் கடையில் விற்கப்பட்ட போனுக்குப் பாதை இவ்வளவுதான்.

மொபைல் நிறுவனமே ஒப்பந்தத்தோடு விற்ற போனுக்கு இடையில் இன்னொரு நிலை கூடுகிறது. பிரான்சில் ஆரஞ்சு, எஸ்.எஃப்.ஆர்., அமெரிக்காவில் வெரைசன், ஏ.டி. அண்டு டி. போன்ற நிறுவனங்கள் தாங்கள் விற்கும் பல மாடல்களில் தங்களுக்கென்று ஒரு தனிப் பதிப்பைப் போடச் சொல்லி வாங்குகின்றன: ஆன் செய்யும்போது தெரியும் லோகோ, நீக்க முடியாத சில செயலிகள், அந்த நெட்வொர்க்குக்கான அமைப்புகள். இந்தத் தனிப் பதிப்புக்கு வரும் ஒவ்வொரு அப்டேட்டும் அந்த நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். 4ஜி வழியாகப் பேசும் வோல்ட்டி அழைப்பு, வைஃபை அழைப்பு, அவசர எண்ணுக்கான அழைப்பு, குறுஞ்செய்தி, ரோமிங், ஒரு அலைவரிசையிலிருந்து இன்னொன்றுக்கு அறுபடாமல் மாறுவது, பேட்டரி செலவு என்று சோதனைப் பட்டியல் நீளமானது. ஒன்றில் பிழை தெரிந்தால் கோப்பு தயாரிப்பாளரிடமே திரும்புகிறது. அவர் திருத்தி அனுப்பியதும் சோதனை மறுபடி தொடங்குகிறது. முள்ளோடைச் சோதனைச்சாவடியில் ஒரு காகிதம் குறைகிறதென்று திருப்பி அனுப்பப்பட்ட லாரி, காகிதத்தோடு வந்தாலும் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும் என்பது போன்ற நிலை இது.

இந்தச் சோதனை வெறும் வீம்பு என்று சொல்லிவிட முடியாது. ஓர் அப்டேட்டுக்குப் பிறகு போன் அவசர எண்ணை அழைக்க முடியாமல் போனால், திட்டு வாங்குவது போன் தயாரித்தவரைவிட அந்த மொபைல் நிறுவனமாகத்தான் இருக்கும். ஆனால் தாமதத்தின் எல்லாப் பங்கையும் பாதுகாப்பின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. ஏற்கெனவே விற்றுத் தீர்ந்த ஒரு நடுத்தர மாடலுக்கு அப்டேட் கொடுப்பதால் அந்த நிறுவனத்துக்கு ஒரு காசும் வருவதில்லை. சோதனைக் கூடத்தின் ஆட்களும் நேரமும் அடுத்த மாதம் விற்பனைக்கு வரும் புது மாடலுக்குப் போகின்றன. பழைய மாடல் காத்திருக்கிறது. விலையுயர்ந்த போன்களுக்கு விரைவாகவும் மலிவான போன்களுக்கு மெதுவாகவும் அப்டேட் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

கூகுளின் சொந்த நெக்சஸ் வரிசைப் போன்களே இதற்குத் தப்பவில்லை. கேலக்ஸி நெக்சஸ் போனின் பொதுப் பதிப்புக்கு 2012 ஜூலையில் ஆண்ட்ராய்டு 4.1 வந்துவிட்டது, வெரைசன் விற்ற அதே பெயர்ப் போனுக்கு அது செப்டம்பரில்தான் வந்தது. 2013 ஏப்ரலில் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கமான ஏ.சி.எல்.யு., நான்கு பெரிய மொபைல் நிறுவனங்கள் பாதுகாப்புத் திருத்தங்களைக் காலத்தில் தருவதில்லை என்று அந்நாட்டு வர்த்தக ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2015 ஜூலையில், ஒரு வீடியோ செய்தியை அனுப்பியே போனுக்குள் நுழையக்கூடிய ஸ்டேஜ்ஃபிரைட் ஓட்டை வெளியே தெரிந்த பிறகுதான், கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடும் வழக்கத்தைத் தொடங்கியது. 2016 மே மாதம் அமெரிக்க வர்த்தக ஆணையம் போன் தயாரிப்பாளர்களிடமும், தகவல் தொடர்பு ஆணையம் மொபைல் நிறுவனங்களிடமும் விளக்கம் கேட்டன.

இதற்கிடையில் கூகுள் இரண்டு மாற்றங்களைச் செய்தது. 2017இல் ஆண்ட்ராய்டு 8 உடன் வந்த டிரெபிள் என்ற ஏற்பாடு, சிப்புக்கான பகுதியையும் ஆண்ட்ராய்டின் மற்ற பகுதியையும் பிரித்து வைத்தது. அதனால் தயாரிப்பாளரின் வேலை குறைந்தது. மொபைல் நிறுவனத்தின் சோதனை அப்படியே இருந்தது. 2019இல் ஆண்ட்ராய்டு 10 உடன் வந்த மெயின்லைன்தான் நமக்கு முக்கியம். ஆண்ட்ராய்டின் சில உள்பகுதிகளைக் கூகுள் பிளே வழியாகவே, மொபைல் நிறுவனத்தைக் கேட்காமல், திருத்த அது வழிசெய்தது.

நம் ஊரில் நிலைமை

இந்தியாவில் போன்கள் பெரும்பாலும் எந்த மொபைல் நிறுவனத்தையும் சாராமலேயே விற்கப்படுகின்றன. மிஷன் வீதியிலோ, கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ, ஆன்லைனிலோ வாங்கிய போனில் எந்த சிம்மைப் போட்டாலும் அதன் அப்டேட் தயாரிப்பாளரிடமிருந்து நேரே வருகிறது. புதுச்சேரி, காரைக்கால் சிம்கள் தமிழ்நாடு வட்டத்தையும், மாஹே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் சேர்ந்தவை என்பதால் அப்டேட்டும் வட்டத்துக்கு வட்டம் மாறுமோ என்று சிலர் கேட்கிறார்கள். மாறாது, வட்டம் என்பது உரிமத்துக்கும் கட்டணத்துக்கும் உரிய கணக்கு.

இங்கேயும் நெட்வொர்க்கும் அப்டேட்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்ற காலம் உண்டு. 2022 அக்டோபர் 1ஆம் தேதி 5ஜி தொடங்கியபோது, 5ஜி வசதியுள்ள போன் வைத்திருந்த பலருக்கும் அது கிடைக்கவில்லை. வன்பொருள் தயாராக இருந்தது. அதை இந்திய நெட்வொர்க்கில் திறந்துவிடும் மென்பொருள் வரவில்லை. ஏர்டெல் பழைய 4ஜி மையத்தின் மேல் 5ஜியை அமைத்தது. ஜியோ 5ஜிக்கென்றே தனி மையம் அமைத்தது. ஆகவே தயாரிப்பாளர்கள் இரண்டிலும் தனித்தனியே சோதிக்க வேண்டியிருந்தது. மத்திய அரசே நிறுவனங்களை அழைத்து வேகப்படுத்தச் சொன்னது. ஐபோன் 12க்கும் அதற்குப் பிந்தைய மாடல்களுக்கும் 2022 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 16.2 உடன்தான் இங்கே 5ஜி கிடைத்தது. இதில் அப்டேட்டை மொபைல் நிறுவனம் பிடித்துவைத்தது என்று சொல்வது பொருந்தாது. இரு தரப்பும் சேர்ந்து முடிக்க வேண்டிய வேலை இழுத்துக்கொண்டு போனது.

உங்கள் போன் எந்த வகை?

இந்தப் பகுதியை நிதானமாகச் செய்யுங்கள், ஏனென்றால் மற்றதெல்லாம் இதைப் பொறுத்தது. போனை அணைத்து மறுபடி ஆன் செய்து, தயாரிப்பாளரின் பெயரைத் தவிர வேறு லோகோ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஐயமே வேண்டாம், அது மொபைல் நிறுவனத்தின் தனிப் பதிப்பு, சுருக்கமாக நிறுவனப் பதிப்பு. வராவிட்டாலும் அப்படி இல்லை என்று உறுதியாகிவிடாது.

சாம்சங் போனில் செட்டிங்ஸின் அடியில் உள்ள ‘அபௌட் போன்’, அதற்குள் ‘சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்’, அதற்குள் ‘சர்வீஸ் புரொவைடர் சாஃப்ட்வேர் வெர்ஷன்’ என்ற இடத்துக்குப் போங்கள். நீளமான, கண்ணைக் கட்டும் ஒரு வரிசை எழுத்துகள் இருக்கும். அதன் இறுதிப் பகுதியில் சாய்கோடுகளுக்கு இடையே மூன்று மூன்று எழுத்துகளாக வருபவைதான் நமக்கு வேண்டியவை. ஐ.என்.எஸ். அல்லது ஐ.என்.யு. என்றால் இந்தியப் போன். எக்ஸ்.இ.எஃப். என்றால் பிரான்சில் விற்கப்பட்டது, ஆனால் எந்த நிறுவனத்தையும் சாராதது. எஃப்.டி.எம். என்றால் ஆரஞ்சு, பி.ஓ.ஜி. என்றால் புயிக் டெலிகாம், எஸ்.எஃப்.ஆர். தன் பெயரையே குறியீடாக வைத்திருக்கிறது. சிங்கப்பூர்ப் போனில் எக்ஸ்.எஸ்.பி. பொதுப் பதிப்பு, எஸ்.ஐ.என். சிங்டெல், எஸ்.டி.எச். ஸ்டார்ஹப். அமீரகத்தின் பொதுக் குறியீடு எக்ஸ்.எஸ்.ஜி. இதோடு மாடல் எண்ணின் கடைசி எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் விற்கப்படும் உயர்வகை சாம்சங் போன்கள் பலவற்றின் எண் ‘பி’ என்று முடியும். அமெரிக்க மொபைல் நிறுவனங்கள் விற்றவை ‘யு’ என்று முடியும். பெயர் ஒன்றாக இருந்தாலும் இவை வேறு வேறு போன்கள். ஒன்றின் மென்பொருள் மற்றதற்குப் பொருந்தாது.

மோட்டரோலாவில் ‘சாஃப்ட்வேர் சேனல்’ என்ற வரி இருக்கும். அது ‘ரெட்’ என்ற எழுத்துகளில் தொடங்கினால் கடைப் போன், இந்தியக் கடைப் போன் ‘ரெட்இன்’. ஷாவ்மி போனில் பதிப்பு எண்ணின் இறுதியில் உள்ள எழுத்துத் தொகுதியைப் பாருங்கள்: ‘ஐஎன்எக்ஸ்எம்’ என்றால் இந்தியப் பொதுப் பதிப்பு, ‘இயுஎக்ஸ்எம்’ ஐரோப்பியப் பொதுப் பதிப்பு, கடைசி இரண்டு எழுத்துகள் எக்ஸ்எம் அல்லாமல், எடுத்துக்காட்டாக ‘ஓஆர்’ என்றிருந்தால், அது ஆரஞ்சு போன்ற ஒரு நிறுவனத்தின் பதிப்பு.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை இல்லை. ஐஓஎஸ் அப்டேட்டை ஆப்பிள் எல்லோருக்கும் நேராகவே அனுப்புகிறது. ‘ஜெனரல்’, ‘அபௌட்’ என்ற பக்கத்தில் ‘கேரியர் லாக்’ என்ற இடத்தில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில் சற்று நேரம் நின்றால், சிம் நிறுவனத்தின் புதிய அமைப்பு ஏதேனும் இருப்பின் அதைச் சேர்க்கட்டுமா என்று போனே கேட்கும்.

தேதிகளை ஒப்பிடுவது

செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு பதிப்பு, ‘செக்யூரிட்டி பேட்ச்’ தேதி, ‘கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்’ தேதி ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அதே மாடல் எண்ணுடைய பொதுப் பதிப்புக்கு எந்தத் தேதி வரை வந்திருக்கிறது என்பதைத் தயாரிப்பாளரின் பாதுகாப்பு அப்டேட் பக்கத்திலோ, இங்கே வாங்கிய ஒருவரின் போனிலோ பாருங்கள். இரண்டுக்கும் ஒரே தேதி என்றால் தாமதம் தயாரிப்பாளரிடம். அல்லது அந்த மாடலின் அப்டேட் காலமே முடிந்திருக்கும். பொதுப் பதிப்பு முன்னே போய், உங்களுடையது மட்டும் பின்தங்கினால் மொபைல் நிறுவனத்திடம் நிற்கிறது என்று கொள்ளலாம். ஒரு மாத வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம், அது படிப்படியாக அனுப்புவதால் வருவது. பல மாத இடைவெளிதான் கவனிக்க வேண்டியது.

என்ன செய்யலாம்?

முதலில் எளியவை. நல்ல வைஃபையில் இணைத்து, பேட்டரியைப் பாதிக்கு மேல் ஏற்றி, சில ஜிபி இடத்தைக் காலி செய்து, அப்டேட் பக்கத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். கேட்காமலே வருமென்று காத்திருப்பவர்களைவிடக் கேட்டவர்களுக்குச் சில போன்களில் முன்னதாகவே கிடைக்கிறது.

அடுத்து சிம். நாம் அதிகம் குழப்பிக்கொள்ளும் இடம் இது. வேறு நிறுவன சிம்மை ஏற்காதபடி போட்ட பூட்டான சிம் லாக் வேறு, நிறுவனப் பதிப்பு வேறு. பிரான்சில் வாங்கி மூன்று மாதம் ஆன போனை அந்த மொபைல் நிறுவனம் கட்டணமில்லாமல் திறந்துவிட வேண்டும். அங்கேயுள்ள உறவினர் தம் கணக்கிலிருந்து கேட்டு, பூட்டைத் திறக்கும் எண்ணை வாங்கி அனுப்பினால் போதும். அப்படித் திறந்த பிறகு இந்திய சிம் வேலை செய்யும். ஆனால் உள்ளே இருக்கும் மென்பொருள் பழைய நிறுவனத்தின் பதிப்பாகவே தொடரும், அப்டேட்டும் அந்த வரிசையிலேயே நிற்கும். லாக் எடுத்தாச்சு, இன்னும் ஏன் வரலை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சாம்சங் மாடல்கள் சிலவற்றில் ஒரே மென்பொருளுக்குள் பல நாட்டுக் குறியீடுகள் அடங்கியிருக்கும். அவற்றில் இந்திய சிம்மைப் போட்டு, எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிட்டு, ஃபேக்டரி ரீசெட் செய்தால் குறியீடு இந்தியாவுக்கு மாறிக்கொள்வது உண்டு. மாறினால் அப்டேட்டும் இந்திய வரிசைக்கு வந்துவிடும். எல்லா மாடலிலும் நடக்காது; நடக்காவிட்டால் இழப்பு ஒரு மாலைப் பொழுது மட்டுமே. ரீசெட்டுக்கு முன் கூகுள் கணக்கின் கடவுச்சொல் உங்களுக்குத் தெரியுமா, அல்லது அது பாரிஸிலுள்ள சித்தப்பாவின் கணக்கா என்று பார்த்துவிடுங்கள். பழைய கணக்கில் பூட்டிக்கொண்ட போனை எழுப்புவது அப்டேட்டைவிடப் பெரிய தலைவலி.

கூகுள் பிக்சல் வைத்திருப்பவர்களுக்குச் சற்று நேரான வழி உண்டு. ஒவ்வொரு மாதத்து அப்டேட் கோப்பையும் கூகுள் தன் தளத்திலேயே வெளியிடுகிறது. கணினியில் கேபிள் போட்டு, தகவல் அழியாமல், அதை ஏற்றிக்கொள்ளலாம். தளத்தில் செய்முறை இருக்கிறது. சாம்சங்கின் ஸ்மார்ட் ஸ்விட்ச் கணினி மென்பொருளும் அப்டேட் தரும், ஆனால் அது அதே வரிசையில் உள்ளதைத்தான் தரும். போனுக்குள் இறங்காமல் பாதியில் நின்றுபோன அப்டேட்டுக்கு அது உதவும், மொபைல் நிறுவனத்தைத் தாண்டிக் குதிக்க உதவாது.

எதுவும் ஆகாவிட்டால், போன் எந்த மொபைல் நிறுவனத்திலிருந்து வந்ததோ அதற்கு எழுத வேண்டும். எழுத வேண்டியவர் அங்கே கணக்கு வைத்திருப்பவர். இங்கிருந்து நாம் எழுதினால் பதில் வருவது அரிது. மாடல் எண், இப்போதுள்ள பேட்ச் தேதி, பொதுப் பதிப்பு எட்டியுள்ள தேதி ஆகிய மூன்றையும் ஒரே வரியில் கொடுத்து, எங்கள் பதிப்புக்கு எப்போது என்று கேட்கச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் வாங்கிய புதுப் போன் என்றால் இன்னொரு பிடிமானமும் உண்டு. 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் போன்களுக்கு, விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் அப்டேட் கிடைக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் அதன் மூல நிரல் வெளியானதிலிருந்து நான்கு மாதத்துக்குள்ளும், பதிப்பு மாற்றம் ஆறு மாதத்துக்குள்ளும் பயனரைச் சேர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி சொல்கிறது. அந்த விதியைக் குறிப்பிட்டு எழுதப்பட்ட கடிதத்துக்கு மரியாதை தனி.

செய்யக் கூடாதவை

ஒரு மணி நேரத்தில் இந்தியன் சாஃப்ட்வேர் ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. திறமையானவர்களும் அவர்களில் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஏற்றுவது தயாரிப்பாளரின் மாற்றப்படாத கோப்பா, அதே மாடல் எண்ணுக்கானதா என்று கேட்டு, திரையில் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே போனைக் கொடுங்கள். போன் ஆன் ஆகும்போது மென்பொருளை ஏற்றும் நிரலான பூட்லோடரைத் திறக்க வேண்டும் என்று சொன்னால் போனைத் திரும்ப வாங்கிக்கொள்வதே நல்லது. சாம்சங்கில் அதைத் திறந்து வேறு மென்பொருளை ஏற்றினால் நாக்ஸ் என்ற பாதுகாப்புக் குறி நிரந்தரமாக மாறிவிடும், செக்யூர் ஃபோல்டர் போன்றவை பிறகு வேலை செய்யாது. எந்தப் போனாக இருந்தாலும் வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் திறக்க மறுக்கலாம். காய்கறிக்காரர் முதல் பெட்ரோல் பங்க் வரை யுபிஐயில் போகும் நாளில், ஓர் ஆண்ட்ராய்டு பதிப்புக்காக அதை இழப்பது சரியான வியாபாரமாக எனக்குப் படவில்லை. புதிதை ஏற்றிவிட்டுப் பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்பலாம் என்றும் நம்ப வேண்டாம். பூட்லோடர் பதிப்பு கூடிவிட்டால் பல போன்கள் பின்னால் போக விடுவதில்லை.

காத்திருக்கும் காலத்தில்

ஆண்ட்ராய்டு 10உம் அதற்கு மேலும் உள்ள போனில் ‘கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்’ என்ற வரியைத் தட்டினால், மொபைல் நிறுவனத்தைச் சாராத திருத்தங்கள் தனியே வரும். குரோமையும், செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் ஆண்ட்ராய்டு வெப்வியூவையும் பிளே ஸ்டோரில் புதிதாக வைத்திருங்கள். இவை மோடம், சிப் சார்ந்த ஓட்டைகளை அடைக்காது. இணையப் பக்கங்கள் வழியாக வரும் தொல்லைகளைப் பெருமளவு குறைக்கும்.

இன்னும் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். ஜியோவுக்கு 2ஜியும் 3ஜியும் இல்லை, அழைப்பெல்லாம் வோல்ட்டி வழியாகவே போகிறது. வெளிநாட்டு நிறுவனப் பதிப்பில் ஜியோவுக்கான வோல்ட்டி அமைப்பு இல்லாவிட்டால் இணையம் ஓடும், அழைப்பு மட்டும் போகாது; கோளாறு சிம்மில் என்று நினைத்து சிம்மை மாற்றுவதில் பயனில்லை. இரண்டாவது, செட்டிங்ஸில் ‘எமர்ஜென்சி அலர்ட்’ என்று தேடி, அது இருக்கிறதா, ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 2023இல் சோதனைக்காகப் போன்களை அலறவைத்த பேரிடர் எச்சரிக்கை முறை அதைத்தான் பயன்படுத்துகிறது. 2011இல் தானே புயலையும் 2024இல் ஃபெஞ்சலையும் பார்த்த கடற்கரைக்கு, புதிய ஆண்ட்ராய்டு பதிப்பைவிட இந்த ஒரு பொத்தான் முக்கியம்.

அடுத்த முறை யாராவது போன் கொண்டுவருகிறேன் என்று சொன்னால், மொபைல் ஒப்பந்தத்தோடு சேர்த்து வாங்காமல், எலெக்ட்ரானிக்ஸ் கடையில் தனியாக வாங்கச் சொல்லுங்கள். அமெரிக்காவிலிருந்து சாம்சங் என்றால் மாடல் எண் ‘யு1’ என்று முடிகிறதா என்று பெட்டியின் மேல் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் அங்கே எந்த மொபைல் நிறுவனத்தையும் சாராமல் விற்கப்படுவது அந்தப் பதிப்புதான்.